கலர் லிப் பாம் பளபளன்னு போடணுமா? நம்ம உதட்டுக்கு ஏத்ததை வாங்குறதுலேர்ந்து ராத்திரி துடைக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

கடையில லிப் பாம் வாங்கும்போது நம்மள்ல நிறைய பேர் பண்றது இதுதான், டியூப்ல தெரியுற கலரைப் பாத்து, புறங்கையில ஒரு கோடு இழுத்து, "நல்லாருக்கே"ன்னு பில்லைப் போட்டுட்டு வந்துடுவோம். வீட்டுக்கு வந்து உதட்டுல போட்டா ஒண்ணு கலரே தெரியாது, இல்லன்னா உதடு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். உடனே "எனக்கு உதடு கருப்பு, எனக்கெல்லாம் இது செட் ஆகாது"ன்னு டிராயர்ல தூக்கிப் போட்டுடுவோம். என் அண்ணன் பொண்ணு காலேஜ் சேர்ந்த புதுசுல இதே மாதிரி மூணு பாம் வாங்கி வச்சுட்டு அழாத குறையா உக்காந்திருந்தா. மூணுமே வெளிர் பிங்க். தி.நகர்ல ஒரு கடையில "இதைப் போடுங்க, முகம் பிரைட்டா தெரியும்"னு சொல்லித் தந்ததாம். அவ உதடு நல்ல பிரவுன், ஓரத்துல இன்னும் கொஞ்சம் அடர்த்தி, ரொம்ப அழகான உதடு. அதுக்குப் போய் வெளிர் பிங்க். அன்னிக்கு அவளுக்கு உக்காந்து சொன்னதைத்தான் இங்க விரிவா எழுதுறேன்.

லிப்ஸ்டிக் பெயின்ட் மாதிரி, அடியில என்ன கலர் இருந்தாலும் மூடிடும். டின்ட் பாம், அதாவது இந்தக் கலர் லிப் பாம், அப்படி இல்ல, அது கலர் கண்ணாடித்தாள் மாதிரி. மஞ்சள் காகிதத்து மேல நீலக் கண்ணாடித்தாளை வச்சா பச்சையாத் தெரியும்ல, அதேதான் இங்கயும். உங்க உதட்டோட கலரும் பாமோட கலரும் சேர்ந்துதான் வெளிய ஒரு கலர் தெரியும். அதனால பாம் எடுக்கும்போது பாக்க வேண்டியது முகத்தோட நிறத்தை இல்ல, உதட்டோட நிறத்தை.

முதல்ல உங்க உதட்டைப் பாருங்க

காலையில பல் தேய்ச்சு முடிச்சு ஒரு அரை மணி நேரம் கழிச்சு, உதட்டுல ஒண்ணுமே போடாம, ஜன்னல் பக்கத்துல கண்ணாடியை வச்சுப் பாருங்க. பாத்ரூம் டியூப்லைட்ல பாக்காதீங்க, அது நிறத்தை மாத்திக் காட்டும்.

நம்ம ஊர்ல பெரும்பாலும் நாலு மாதிரி பாக்கலாம். மேல் உதடு கீழ் உதடு ரெண்டுமே ஒரே மாதிரி பிரவுன். மேல் உதடு பிரவுன், கீழ் உதடு ரோஸ். ஓரம் அடர்த்தியா, உள்ளே போகப் போக பிங்க். அப்புறம் லேசா ஊதா கலந்த மாதிரி, நாவப்பழம் சாப்பிட்டுக் கழுவின மாதிரி ஒரு நிறம். இது நாலுமே இயற்கை. உதட்டுத் தோல் ரொம்ப மெல்லிசு, அதனால அடியில ஓடுற ரத்தக்குழாயோட சிவப்பு வெளிய தெரியும், அதுகூட தோலுக்கு நிறம் தர்ற மெலனினும் சேரும்போது இந்த நிறங்கள் எல்லாம் வருது. இதை "சரி பண்ண" லைட்டனிங் கிரீம் எதுவும் வேண்டாம்.

நிறத்தைப் பாத்த கையோட தோலையும் பாருங்க. வெடிச்சிருக்கா, செதில் செதிலா உரியுதா, ஓரத்துல புண்ணா இருக்கா. உரியிற உதட்டுல பளபளப்பு நிக்காது. வழவழன்னு இருக்கற பரப்புல வெளிச்சம் பட்டா ஒரே திசையில திரும்பும், அதுதான் நமக்குப் பளபளப்பாத் தெரியுது. மேடும் பள்ளமுமா இருந்தா வெளிச்சம் சிதறிப்போகும், அதோட கலர் போய் அந்தச் செதிலுக்கு நடுவுல தேங்கி திட்டுத் திட்டா நிக்கும்.

உதட்டுக்கு ஏத்த கலர்

பிரவுன் உதடா? ஒயின், பிளம், அடர் பெர்ரி, செங்கல் சிவப்பு, காபி பிரவுன்ல லேசா சிவப்பு ஓடுற ஷேடு, இதெல்லாம் தைரியமா எடுக்கலாம். டியூப்ல பாத்தா "ஐயோ இவ்வளவு டார்க்கா"ன்னு பயமா இருக்கும், உதட்டுல போட்டா கால்வாசிதான் தெரியும். கிளினீக்ங்கற பிராண்டோட பிளாக் ஹனின்னு ஒரு ஷேடு இருக்கு, 1971லேர்ந்து இருக்கறது, 2021ல திடீர்னு டிக்டாக்ல உலகம் பூரா பேசப்பட்டுச்சு. ஸ்டிக்ல பாத்தா கிட்டத்தட்ட கருப்பு. உதட்டுல தேய்ச்சா மெல்லிசா ஒரு பழச்சிவப்பு, அதுவும் ஆளுக்கு ஆள் வேற மாதிரி. விலை ஜாஸ்தி, அதைத்தான் வாங்கணும்னு நான் சொல்லலை. டியூப்ல தெரியுற கலரை நம்ப முடியாதுங்கறதுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

ரோஸ் உதடுன்னா கோரல், பீச், செர்ரி சிவப்பு எல்லாம் தெளிவாத் தெரியும். லேசா ஊதா ஓடுற உதட்டுக்கு ஆரஞ்சு கலந்த பிரவுன், டெரகோட்டா மாதிரி போட்டா அந்த ஊதா அடங்கி உதட்டுல ஒரு வெதுவெதுப்பு வரும், அதே உதட்டுல நீலம் கலந்த பிங்க்கைப் போட்டா குளிர்ல நடுங்கின மாதிரி தெரியும்.

வெளிர் பிங்க் ஏன் சாம்பல் பூக்குதுன்னா, அந்தப் பால் மாதிரி கலரை வரவைக்க வெள்ளை நிறமி சேர்த்திருப்பாங்க, டைட்டானியம் டையாக்சைடு, லேபிள்ல சிஐ 77891னு இருக்கும் (சிஐங்கறது கலர் இண்டெக்ஸ், நிறமிகளுக்குக் கொடுக்கற நம்பர்). அடர்த்தியான உதட்டு மேல அந்த வெள்ளை ஒரு பூச்சு மாதிரி படிஞ்சிடும். சன்ஸ்கிரீனுக்காகவும் அதைச் சேர்ப்பாங்க, அதனால பேரைப் பாத்த உடனே ஒதுக்கிட வேண்டாம், ஆனா பாம் பால்கோவா மாதிரி கெட்டியா வெளிர் நிறத்துல இருந்தா பிரவுன் உதட்டுக்கு வேண்டாம். கண்ணாடி மாதிரி உள்ளே ஊடுருவித் தெரியணும், அதுதான் நமக்கு நல்லது.

"உங்க உதட்டோட பிஎச்சுக்கு (அமில, கார அளவுக்கு) ஏத்த மாதிரி கலர் மாறும்"னு விக்கிறாங்களே, அதையும் சொல்லிடுறேன். அதுல இருக்கற சாயம் பெரும்பாலும் சிஐ 45410. தண்ணியே இல்லாத பாமுக்குள்ள இருக்கற வரைக்கும் அதுக்கு நிறம் தெரியாது, உதட்டு ஈரம் பட்டதும் பிங்க் ஆகும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி கலர் எல்லாம் வராது, எல்லாருக்கும் வர்றது பிங்க்தான், அடியில இருக்கற உதட்டு நிறத்தால வித்தியாசமாத் தெரியுது, அவ்வளவுதான். ஆனா ஒரு நல்ல விஷயம், இது தோல்லயே சாயமா ஏறும், பளபளப்பு போனதுக்கு அப்புறமும் கலர் நிக்கும். வெடிச்ச உதட்டுல போட்டா வெடிப்பு மட்டும் ராணி பிங்க்ல பளிச்னு தெரியும், ஜாக்கிரதை.

கடையில எப்படி டெஸ்ட் பண்றது

புறங்கை வேண்டாம். விரல் நுனியோட உள்பக்கம், கோலம் போடும்போது மாவு ஒட்டுமே அந்த இடம், அங்க போடுங்க. அதுவும் உதட்டோட முழுசா ஒத்துப்போகாது, ஆனா புறங்கையைவிட எவ்வளவோ மேல். போட்ட விரலை உதட்டுக்குப் பக்கத்துல வச்சு கண்ணாடியில பாருங்க, முடிஞ்சா கடை வாசலுக்கு வந்து வெயில்ல ஒரு தடவை பாருங்க.

டெஸ்டரை மட்டும் நேரா உதட்டுல வைக்கவே வைக்காதீங்க. உதட்டுல கொப்புளம் வருமே, அந்த ஹெர்பிஸ் வைரஸ் இந்த மாதிரி பகிர்ந்துக்கிற பொருள் வழியாவும் பரவலாம். பலபேர் வாயில பட்ட டெஸ்டர் அது.

லேபிளைப் படிங்க, ரெண்டு நிமிஷம்தான்

பளபளப்பைத் தர்றதுல முக்கியமான ஆள் யாரு தெரியுமா, நம்ம விளக்கெண்ணெய். ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில்னு பெரிய பேரா போட்டிருக்கும், பாட்டி தலையில வச்சு அழுத்தித் தேய்ச்ச அதே எண்ணெய்தான். கெட்டியான, வெளிச்சத்தை நல்லா திருப்புற எண்ணெய், அதனாலதான் லிப்ஸ்டிக் லிப் பாம்ல எல்லாம் காலங்காலமா இருக்கு. பாலிபியூட்டீன், ஹைட்ரஜனேட்டட் பாலிஐசோபியூட்டீன்னு பாத்தீங்கன்னா கண்ணாடி மாதிரி மின்னும், கூடவே பிசுபிசுன்னு ஒட்டும். ஸ்கூட்டி ஓட்டுறவங்க, முடியை விரிச்சுப் போடுறவங்க இதை யோசிச்சு வாங்குங்க, மேம்பாலத்துல காத்து அடிக்கும்போது முடி எல்லாம் உதட்டுல வந்து ஒட்டிக்கும், ஒரு கையால எடுத்துவிடக்கூட முடியாது.

ஈரத்தைப் பூட்டி வைக்கறதுக்கு பெட்ரோலேட்டம் (அதான் பெட்ரோலியம் ஜெல்லி), தேன்மெழுகு, ஷியா பட்டர், லனோலின் (ஆட்டு ரோமத்துலேர்ந்து எடுக்கற மெழுகு), இதுல குறைஞ்சது ரெண்டு இருக்கட்டும். உதட்டுல முகத்துல இருக்கற மாதிரி எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, வியர்வையும் வராது, அதனால தன்னைத்தானே அது எண்ணெய் போட்டுக்காது. வெறும் தேங்காய் எண்ணெய் பாம் நம்ம ஊருக்கு சரிப்படாது, தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிடும், சென்னையில அது பெரும்பாலும் தண்ணிதான். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல வேணும், அதனால அது சேர்ந்த ஸ்டிக் பையில நிக்கும்.

வேண்டாம்னு சொல்றது: மென்தால், கற்பூரம், பெப்பர்மின்ட், லவங்கப்பட்டை எண்ணெய். ஜில்லுனு இருக்கும், சுர்ருன்னு ஏறும், வேலை செய்யுதுன்னு நினைப்போம். நான் ஒரு தடவை உதட்டைப் பெருசாக் காட்டும்னு சொன்ன ஒரு பளபள பாமை வாங்கி மூணு நாள் போட்டேன், நாலாவது நாள் உதட்டைச் சுத்தி ஒரு வளையம் மாதிரி சிவந்து எரிஞ்சுது, ரசம் சாதம்கூட சாப்பிட முடியலை. அது ஆறி, அந்த இடம் கருத்துப்போய், பழைய நிறம் வர்றதுக்கு மாசக்கணக்கா ஆச்சு. நம்ம தோல்ல எரிச்சல் வந்தா போகும்போது கருப்பை விட்டுட்டுத்தான் போகும். அதனால எரியுதுன்னா அன்னிக்கே நிறுத்திடுங்க, "பழகிடும்"னு காத்திருக்காதீங்க.

சுத்த சைவமா இருக்கறவங்க சிஐ 75470ன்னு இருக்கான்னு பாருங்க. அது கார்மைன், கோச்சினீல்ங்கற பூச்சியைக் காய வச்சு எடுக்கற சிவப்பு. நிறைய நல்ல சிவப்பு பாம்ல இது இருக்கு. சிஐ 77491 மாதிரி நம்பர் இருந்தா அது அயர்ன் ஆக்சைடு, தாது நிறமி.

அப்புறம் தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் (இறக்குமதின்னா பதிவு நம்பர்), பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி இது மூணும் இல்லாத டியூபைத் தொடாதீங்க. பெரிய பிராண்ட் பேரைப் போட்டு ரோட்டோரத்துல 50 ரூபாய்க்கு விக்கிறது எனக்கும் தெரியும், ஆசையா இருக்கும்னும் தெரியும். ஆனா உதட்டுல போடுறது கொஞ்சம் கொஞ்சமா வயித்துக்குள்ளதான் போகுது. காஸ்மெடிக்ல சேர்க்கற நிறமியில ஈயம் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 20 பங்கு) மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி இருக்கு, போலி டியூபுக்கு அதை யாரு பரிசோதிச்சாங்க?

வீட்டுலயே பீட்ரூட் ஜூஸை ஊத்தி பாம் செய்யுற வீடியோ நிறைய வருது. பீட்ரூட் சிவப்பு தண்ணியில கரையும், எண்ணெயில கரையாது, அதனால ரெண்டும் பிரிஞ்சு நிக்கும், தண்ணி சேர்ந்ததால கொஞ்ச நாள்ல பூஞ்சையும் பிடிக்கும். வேம்பாளம் பட்டை எண்ணெயில அழகா சிவப்பு இறங்கும், வாஸ்தவம், ஆனா அதுல கல்லீரலுக்கு ஆகாத சில பொருள் இருக்கு, தலைக்குத் தேய்க்கறது வேற, உதட்டு வழியா உள்ள போறது வேற. ரெண்டையும் விட்டுடுங்க.

போடுறதுக்கு முந்தின ராத்திரி

நாளைக்கு ஒரு கல்யாணம், பளபளன்னு உதடு வேணும்னா வேலை இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்குது. படுக்கறதுக்கு முன்னாடி உதட்டை லேசா ஈரமாக்கி, அந்த ஈரம் காயறதுக்குள்ள சாதா பெட்ரோலியம் ஜெல்லியைக் கொஞ்சம் தாராளமாவே தடவுங்க. காலையில வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச மெல்லிசு பருத்தித் துணியை உதட்டு மேல அரை நிமிஷம் வச்சு, வட்டமா ரெண்டு தடவை மெதுவாத் துடைங்க. ஊறின செதில் தானா வந்துடும். வராததைப் பிச்சு எடுக்காதீங்க.

சர்க்கரை, எலுமிச்சம்பழம் வச்சுத் தேய்க்கறது வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா புண்ணாகி கருத்துப்போகலாம், கருப்பு போகணும்னு தேய்ச்சு கருப்பை வாங்கிட்டு வர்ற கதை அது. தொப்புள்ல எண்ணெய் வச்சா உதடு வெடிக்காதுன்னு எங்க வீட்டுலயும் சொல்வாங்க, வைக்கறதுல தப்பில்ல, ஆனா உதட்டுக்கு உதட்டுலதான் போடணும்.

போடுற முறை

முதல் பூச்சு மெல்லிசா. ஸ்டிக்கா இருந்தா கீழ் உதட்டு நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பு, மேல் உதட்டுல நடுவுல இருக்கற அந்த வளைவுலேர்ந்து வெளிய நோக்கி. டப்பாவா இருந்தா கையைக் கழுவிட்டு மோதிர விரலால எடுத்து, தேய்க்காம ஒத்தி ஒத்தி வைங்க. ரெண்டு உதட்டையும் ஒரு தடவை சேர்த்து அழுத்துங்க. ஒரு நிமிஷம் விடுங்க, டிஷ்யூவை மெதுவா ஒரு தடவை ஒத்தி எடுங்க. மேல இருக்கற எண்ணெய் போய் கலர் மட்டும் தங்கும்.

ரெண்டாவது பூச்சு உதட்டு நடுவுல மட்டும். ஓரம் வரைக்கும் கொண்டுபோகாதீங்க. நம்ம வெயில்ல உடம்புச் சூட்டுல பளபள பாம் இளகி, உதட்டுக்கோட்டைத் தாண்டி வழியும், பேசும்போது வாய் ஓரத்துல வெள்ளையா திரளும். நடுவுல மட்டும் பளபளப்பு இருந்தா உதடு பழம் மாதிரி திரண்டு தெரியும், வழியவும் வழியாது.

மேல் உதடு டார்க், கீழ் உதடு ரோஸா இருக்கறவங்களுக்கு ஒரு வழி. மேல் உதட்டோட நிறத்துல ஒரு லிப் லைனர் வாங்கி, கீழ் உதட்டு ஓரத்துல கோடா இல்லாம லேசா தேய்ச்சு விரலால கலைச்சுடுங்க, அதுக்கு மேல பெர்ரி இல்லன்னா பிளம் டின்ட். ரெண்டு உதடும் ஒரு குடும்பமா ஆயிடும். லைனர் இல்லன்னா கீழ் உதட்டுக்கு ரெண்டு பூச்சு, மேல் உதட்டுக்கு ஒரு பூச்சு. சிலர் அந்த ரெண்டு நிறத்தை அப்படியே விட்டுத் தெளிவான பளபளப்பை மட்டும் போடுவாங்க, அதுவும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பட்டுப்புடவைக்கு மேட் லிப்ஸ்டிக்தான் போடணும்னு எங்கயும் எழுதி வைக்கலை. அரக்குக் கலர் புடவைக்கு ஒயின் டின்ட் பாம், மல்லிப்பூ, அவ்வளவே போதும். முகத்துல வேற மினுமினுப்பு மட்டும் குறைச்சுக்குங்க.

நாள் முழுக்க

பளபள பாம் காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் இருக்காது, ரெண்டு மூணு மணி நேரம்தான். சூடான காபி டம்ளர் விளிம்புல பாதி போயிடும், எண்ணெயை எண்ணெய் கரைக்கும்ங்கறதால பஜ்ஜி, பரோட்டா சாப்பிட்டா மொத்தமாப் போயிடும். ஹெல்மெட், மாஸ்க் போடுறவங்க வண்டியில ஏறும்போது ஜெல்லியை மட்டும் மெல்லிசாப் போட்டுட்டு, ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் டின்ட்டைப் போடுங்க.

மறுபடி போடும்போது பழசு மேலயே அப்பாதீங்க. டிஷ்யூவால துடைச்சிட்டுப் போடுங்க, இல்லன்னா உள் ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு கட்டிக்கும். ஏசி ரூம்ல உதடு காயும்போது நாக்கால நக்குற பழக்கம் இருந்தா அதை விடுங்க, எச்சில் காயும்போது இருக்கற ஈரத்தையும் எடுத்துட்டுப் போகும், சாப்பாட்டைச் செரிக்க வைக்கற என்சைம் எல்லாம் அதுல இருக்கு, மெல்லிசு தோலை அரிக்கும்.

வெயில்ல சுத்துற வேலைன்னா எஸ்பிஎஃப் 30 இருக்கற டின்ட்டா பாத்து வாங்குங்க, பிராட் ஸ்பெக்ட்ரம்னு (யுவிஏ, யுவிபி ரெண்டு கதிரையும் தடுக்கும்னு அர்த்தம்) போட்டிருக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போடணும். கீழ் உதடு கொஞ்சம் வெளிய தள்ளி மேல பாத்து இருக்கறதால வெயில் அதுலதான் ஜாஸ்தி விழும்.

வாய் ஓரம் ரெண்டும் கிழிஞ்சு ஆறவே மாட்டேங்குது, இல்ல உதட்டுல ஒரு புண் ரெண்டு மூணு வாரம் ஆகியும் அப்படியே இருக்குன்னா பாம் மாத்தி மாத்திப் பாக்காதீங்க, தோல் டாக்டரைப் பாருங்க. பாம் எல்லாத்தையும் நிறுத்தியும் எரியுதுன்னா டூத்பேஸ்ட்ல பட்டை, புதினா வாசனை இருக்கான்னு ஒரு பார்வை பாத்துக்குங்க, சில பேருக்கு அதுதான் காரணமா இருக்கும்.

ராத்திரி, அப்புறம் பத்திரப்படுத்தறது

டின்ட்டைப் போட்டுக்கிட்டே தூங்காதீங்க. பஞ்சுல ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, உதட்டு மேல கொஞ்ச நேரம் வச்சுட்டுத் துடைச்சா வந்துடும், ஓரத்துலேர்ந்து நடுவுக்குத் துடைங்க, இல்லன்னா கலர் முகத்துல இழுவும்.

வண்டி டிக்கியிலயும் கார் டேஷ்போர்டுலயும் பாமை விட்டுட்டுப் போகாதீங்க, சித்திரை வெயில்ல மூடின காருக்குள்ள 50 டிகிரியைத் தாண்டிடும், ஸ்டிக் கூழாயிடும். உருகிப் போச்சுன்னா மூடியைத் திறக்காம நேரா நிறுத்தி ஃபிரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க. ஷியா பட்டர் இருக்கற பாம் உருகி மெதுவா ஆறினா ரவை ரவையா திரியும், அது கெட்டுப்போனது இல்ல, தேய்ச்சா கரைஞ்சிடும். கெட்டுப்போனதுக்கு அடையாளம் வாசனை, பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தா வருமே அந்தச் சிக்கு வாடை. டியூப் பின்னாடி திறந்த டப்பா படம் போட்டு 12எம்னு இருந்தா திறந்ததுலேர்ந்து 12 மாசம்னு அர்த்தம், திறந்த அன்னிக்கே தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி அடியில ஒட்டிடுங்க. உதட்டுல கொப்புளம் வந்திருந்தப்ப போட்ட பாம் எவ்வளவு விலையா இருந்தாலும் குப்பைக்குத்தான்.

அந்த மூணு வெளிர் பிங்க் பாமும் வீணாகலை. என் அண்ணன் பொண்ணு முதல்ல பிளம் டின்ட்டைப் போட்டு ஒத்தி எடுத்துட்டு, அதுக்கு மேல அந்தப் பிங்க்கைக் கீழ் உதட்டு நடுவுல ஒரே ஒரு பொட்டு வைக்கறா. வெளிச்சம் அங்க போய் விழும்போது பனிக்கூழ் மேல செர்ரி வச்ச மாதிரி இருக்கு.